"கண்ணு பாத்தாச்சுங்க": எல்லையோரத் தேங்காய் வியாபாரி ஒருவரின் சர்க்கரை, கொழுப்பு, விழித்திரை

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே வந்தால் கோபாலபுரம் சோதனைச்சாவடியோடு தமிழ்நாடு முடிகிறது. அதற்கு அந்தப் பக்கமும் தென்னை, இந்தப் பக்கமும் தென்னை. கடைப் பலகையில் எழுத்து மாறுமே தவிர பேச்சு மாறாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் நிறையப் பேர் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ்தான். கேரளப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். பொது மருத்துவர், கண் மருத்துவர் இல்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன், ஏனென்றால் சர்க்கரை நோயுள்ள ஒரு தேங்காய் வியாபாரியின் கண் கெட்டுவருவதைத் தவறவிட்டது கண் மருத்துவர் யாரும் இல்லை, நான்தான். அவரும் அவர் வீட்டம்மாவும் எழுதச் சொல்லிச் சம்மதித்திருக்கிறார்கள். ஆள் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 54. தேங்காய் வியாபாரி. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, தோப்பு தோப்பாகப் போய், உரித்த காயை எடை போட்டு வாங்கி, சொந்த மினி லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோய் இறக்குவார். சில நாள் ஒரே நாளில் மூன்று தடவை எல்லை தாண்டுவார். சர்க்கரை வந்து 11 வருஷம். பீடி, சிகரெட் கிடையாது. சாயங்காலம் கள் உண்டு. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் கடையே இருக்கிறது, அதனால் லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் ஒரு நிறுத்தம் என்பது இங்கே பலருக்கும் உள்ள பழக்கம்தான்.

அவர் மாத்திரை இரண்டு மாநிலத்திலிருந்து வந்தது. பிரஷர் மாத்திரை இந்தப் பக்கத்து அரசு ஆரோக்ய கேந்திரத்தில், மாதம் ஒரு தடவை 'ஜீவிதசைலி' (வாழ்க்கைமுறை நோய்) கிளினிக் நாளில் வீட்டம்மா போய் வாங்கி வருவார். சர்க்கரை மாத்திரை அந்தப் பக்கத்து டாக்டர் ஒருவர் எழுதியது: மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, காலை ஒன்று ராத்திரி ஒன்று. இந்தச் சீட்டு அங்கே தெரியாது, அந்தச் சீட்டு இங்கே தெரியாது. சளி, காய்ச்சல் என்று என்னிடம் வந்தவர் ஒரு நாள் "அப்படியே சுகரையும் நீங்களே பாத்துருங்க டாக்டரம்மா" என்றார். சரி என்றேன். அதிலிருந்து 14 மாதம் என் கணக்கில் இருந்தார்.

அந்த 14 மாதத்தில் நான் பார்த்தது பெரும்பாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும்தான். 140, 210, 155, 190 என்று ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப மோசமும் இல்லை, நல்லாவும் இல்லை. கொழுப்புக்கு நான்கு வருஷம் முன்பு அடோர்வாஸ்டாடின் என்கிற ஸ்டாடின் வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் சாப்பிட்டார், மறுபடி டெஸ்ட் எடுத்தார், நார்மல் என்று வந்தது, நிறுத்திவிட்டார். "அதான் கொழுப்பு கொறஞ்சிருச்சுங்களே" என்பது அவர் கணக்கு. மாத்திரையால்தான் குறைந்தது, விட்டால் ஏறும் என்று யாரும் அவருக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்? என் ஃபைலில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'கண்: பார்த்தாயிற்று.' நான் கேட்டேன், அவர் "கண்ணு பாத்தாச்சுங்க, கண்ணாடி கூடக் குடுத்தாங்க" என்றார், நான் எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

எடைத் தகராறு

2025 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். ஒரு தோப்பில் எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எலக்ட்ரானிக் தராசு, சிவப்பு எழுத்தில் நம்பர் எரியும் வகை. மூட்டையை வைக்க வைக்க இவர் எடையைச் சொல்வார், மகன் நோட்டில் எழுதுவான். நாலாவது மூட்டைக்கு இவர் 63 என்கிறார், தோட்டக்காரர் 68 என்கிறார். அதற்கு முன் இரண்டு மூட்டையிலும் இதே மாதிரிதான், தோட்டக்காரர் அப்போது வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். "ஏனுங்க, எங்கிட்டயேவா?" என்று அவர் கேட்டது இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தராசில் பேட்டரி போச்சு என்றார். மகன் குனிந்து பார்த்து 68-தாம்ப்பா என்றான்.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் வீட்டம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார். "அவருக்கு நம்பர் தெரியறதில்லைங்க டாக்டரம்மா. மாசக்கணக்கா இப்படித்தான். ஒத்துக்கவே மாட்டேங்கறாரு."

அன்று கிளினிக்கில் பார்த்தது

ஆறு மீட்டர் அட்டையில் கண்ணாடியோடு வலது கண் 6/18, இடது கண் 6/9 (6/6 என்றால் நல்ல பார்வை, கீழ் எண் கூடக் கூட மங்கல்). சின்ன ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை வலது கண் முன்னால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பவர் மாறியதால் மங்கல் என்றால் அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் ஓரளவு தெளியும். தெளியவில்லை. அப்போதே வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் கணக்கு நோட்டு. என் பையனுடைய கட்டம் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தப் புள்ளியையே பாருங்கள் அண்ணா, சுற்றி இருக்கும் கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தோப்புல இப்படித்தானுங்க தெரியுது. வரிசை புடிச்சு நட்ட மரம், நடுவுல ரெண்டு மட்டும் இடுப்பு வளைஞ்சு நிக்குது. வண்டிக் கண்ணாடிதான் மோசம்னு நெனச்சு மாத்திட்டனுங்க." வண்டியின் முன் கண்ணாடியையே மாற்றியிருக்கிறார்! மூன்று மாதம் முன்பு.

நேர்கோடு வளைவது விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா வீங்கியிருப்பதற்கு நல்ல அடையாளம். பிரஷர் 158/94. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்தது. மகனை வண்டி எடுக்கச் சொல்லிவிட்டு, கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு விட்டு, அறை விளக்கை அணைத்துக் கைக்கருவியால் பார்த்தேன். நான் பழக்கமான ஆள் இல்லை, ஆனால் இதைத் தவறவிட முடியாது: அங்கங்கே சிவப்புப் பொட்டு, வலது கண்ணில் நடுப்பகுதிக்கு ஓரமாகப் பிறை மாதிரி வளைந்து நின்ற மஞ்சள் படிவு.

சொட்டு விடும்போதுதான் அந்தப் பழைய 'பார்த்தாச்சு'வின் கதை வந்தது. மூன்று வருஷம் முன்பு ஒரு முகாம். எழுத்து அட்டை படிக்கச் சொல்லி, கண்ணாடி நம்பர் போட்டு, சர்க்கரை இருக்கிறது என்றதும் சொட்டு விட்டு உள்ளே பார்க்க வேண்டும், உட்காருங்கள் என்றிருக்கிறார்கள். "சொட்டு ஊத்துனா மூணு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாதுன்னாங்க. லோடு நிக்குதுங்க. கண்ணாடிச் சீட்ட மட்டும் வாங்கிட்டு வந்துட்டனுங்க." முகாமில் இருந்தவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இவர் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர், சொட்டு என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. 11 வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அவர் கண்ணுக்கு உள்ளே பார்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை பார்க்க வேண்டும் என்பது நான் பரீட்சைக்குப் படித்த பாடம்.

ரத்தம்

முதல் நாள் எடுத்த ரத்தத்துக்கு லேபிலிருந்து போன் வந்தது. சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரிந்து நிற்கும் நீர்) நீர்மோர் மாதிரி இருக்கிறது மேடம், சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்றார் டெக்னீஷியன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், முந்தின ராத்திரி கள்ளும். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 712. ஒரு வாரம் கள் இல்லாமல், 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு மறுபடி எடுத்தோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 246, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 438.

இதே ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 124 என்று அச்சாகி வந்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல லேபில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு நிற்காது. நேரடியாக அளக்கச் சொன்னதில் 142 வந்தது. அது கூட வேண்டாம் என்றால், மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தாலே 212, அதுவே போதுமான அளவுக்குப் பயமுறுத்துகிறது.

எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6. சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதத்தின் கசிவு, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 180 மி.கி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின் 1.2. ஹீமோகுளோபின் 11.8. தைராய்டு சரியாக இருந்தது. அதைப் பார்த்ததற்குக் காரணம், தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறும், அதை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை.

அந்த மஞ்சள் என்ன

வீட்டம்மாவுக்கு இப்படித்தான் சொன்னேன். சுவரில் ஓதம் ஏறினால் முதலில் ஈரம் தெரியும். வெயில் காலத்தில் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் பூத்து நிற்கும். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன, அது கசிகிறது. கசிந்த நீரை உடம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அதோடு வந்த கொழுப்பும் புரதமும் அங்கேயே தங்கிவிடும். அதுதான் மஞ்சள். ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு உப்பு பூக்க வாய்ப்பு.

இது உவமை மட்டும் இல்லை. 1996-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ரால் 240-க்கு மேல் இருந்தவர்களுக்கு 200-க்குக் கீழ் இருந்தவர்களைவிட இந்தப் படிவு இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு இருந்தது. நாங்களோ கொழுப்பு என்றாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம். அது மாரடைப்பு சமாச்சாரம், கண் என்றால் சர்க்கரை சமாச்சாரம் என்று மனசுக்குள் இரண்டு அலமாரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதலாவது, அந்த வாரமே கோயம்புத்தூரில் விழித்திரை மருத்துவரிடம் அனுப்பினேன். விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் வலது கண் நடுப்பகுதித் தடிமன் 418 மைக்ரான், இடது 296. இரண்டு கண்ணிலும் நடுத்தர நிலைச் சர்க்கரை விழித்திரை நோய், வலது கண்ணில் நடுமையத்தைத் தொட்ட வீக்கம். வலது கண்ணுக்கு மாதம் ஒன்றாக முதலில் மூன்று ஊசி, இடதைக் கவனித்து வருவது என்று முடிவானது. "கண்ணுலயே ஊசியா?" என்று அவர் எழுந்தே விட்டாராம். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள், வெள்ளை விழியில் ஓரமாக, ஒரு நிமிஷ வேலை என்று மகனுக்குப் போனில் நான் சொல்ல, மகன் அவருக்குச் சொல்ல, அரை மணி நேரம் ஆனது. மருந்து எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். அவர்கள் விலை குறைந்ததையே எடுத்தார்கள். இன்சூரன்ஸ் கார்டு இந்தப் பக்கத்தது, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். இரண்டு நாள் அலைந்துவிட்டுக் கைக்காசைப் போட்டார்கள்.

இரண்டாவது, அந்த மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன். பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும். கால் வீக்கத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், மேக்குலா வீக்கத்தையும் கூட்டலாம். 14 மாதமாக அந்த மாத்திரைப் பெயரை நான் ஃபைலில் எழுதிவந்திருக்கிறேன், பிராண்டுப் பெயராக மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பிரித்து எழுதியிருந்தால் கணுக்கால் என்ன சொல்கிறது என்பது முன்பே புரிந்திருக்கும். அதை நிறுத்தி, மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தோம், சிறுநீரில் புரதம் போகிறவருக்கு அது சிறுநீரகத்துக்கும் நல்லது. கிளிமிபிரைடைக் குறைத்தோம்.

சர்க்கரையைத் தடாலடியாக இறக்கவில்லை. இது முக்கியம். ஏற்கெனவே விழித்திரை கெட்டிருக்கும்போது சர்க்கரை மிக வேகமாக இறங்கினால் முதல் சில மாதம் கண் இன்னும் மோசமாகலாம். 1993-ல் வந்த அமெரிக்க ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. 2016-ல் செமாகுளூட்டைடு என்கிற சர்க்கரை ஊசியின் ஆய்விலும் விழித்திரைச் சிக்கல் கூடுதலாகத் தெரிந்தது, அதற்கும் வேகமாக இறங்கியதே காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி ஏழரைக்கு அருகில் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அவருடைய மச்சான் ஒருவர் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இறக்கிவிடலாம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார், அவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

மூன்றாவது, கொழுப்பு. ஸ்டாடினை மறுபடி தொடங்கினேன். நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரருக்கு அது நெஞ்சுக்காகவே வேண்டும், டெஸ்ட் நார்மல் ஆனாலும் நிறுத்தக் கூடாது. அதோடு பெனோஃபைப்ரேட் என்கிற இன்னொரு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பதா என்பதில்தான் கொஞ்சம் யோசித்தேன். கண்ணைப் பொறுத்தவரை இந்த மருந்துக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது, ஸ்டாடினுக்கு அந்த அளவு இல்லை. 9,795 பேர் இருந்த ஃபீல்ட் ஆய்வில் லேசர் தேவைப்பட்டவர்கள் 4.9 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தார்கள். அக்கார்ட் கண் ஆய்வில், 2010-ல், ஸ்டாடினோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றியது 10.2-லிருந்து 6.5 ஆனது. 2024-ல் ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்த லென்ஸ் ஆய்வில், ஆரம்ப நிலை விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு அது முற்றுவதோ சிகிச்சை தேவைப்படுவதோ 29.2 சதவீதத்திலிருந்து 22.7 ஆனது. ஆஸ்திரேலியாவில் 2013-லேயே கண்ணுக்கென்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் கண்ணுக்குக் கிடைத்த பலனுக்கும் நேரடித் தொடர்பு ஃபீல்டில் தெரியவில்லை. கொழுப்பு மாத்திரைதான், ஆனால் கண்ணில் அது வேறு ஏதோ வழியிலும் வேலை செய்கிறது போலிருக்கிறது.

இவருக்கு டிரைகிளிசரைடும் 438, சிறுநீரகம் தாங்கும் நிலையில் இருந்தது, பித்தப்பைக் கல் இல்லை. விழித்திரை மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு 145 மி.கி. ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்தோம். ஏற்கெனவே வந்துவிட்ட வீக்கத்துக்கு இது ஊசிக்குப் பதில் இல்லை என்பதையும் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் ஊசியைத் தட்டிக் கழித்திருப்பார். ஃபைப்ரேட் வகையிலேயே ஜெம்ஃபைப்ரோசில் என்று இன்னொன்று உண்டு, அதை ஸ்டாடினோடு சேர்க்கக் கூடாது, தசை கரையும் ஆபத்து அதிகம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் மருந்துக்கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

பிரஷருக்கு டெல்மிசார்டன் கூட்டினேன், ஆரோக்ய கேந்திரத்துக்கு ஒரு கடிதம் எழுதி அங்கேயும் பதியச் சொன்னேன்.

சாப்பாடு. தேங்காய் வியாபாரியிடம் தேங்காயை விடு என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை, அது நடக்கவும் நடக்காது. எண்ணெய்க் கணக்குக் கேட்டேன். நாலு பேருக்கு வாரம் ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய், வறுவல், பொரியல் எல்லாம் அதிலேயே. தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டும். தாளிப்புக்கு மட்டும் அது, மற்றதற்குக் கடலை எண்ணெய், மொத்தமே வாரம் அரை லிட்டர் என்று வீட்டம்மாவே முடிவு செய்தார். அவர் ஒரு காலிப் பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். டிரைகிளிசரைடைத் தூக்குவது எண்ணெயைவிடக் கள்ளும், ராத்திரி இரண்டு தட்டுச் சோறும், டீயில் போகும் சீனியும்தான். கள் விஷயத்தில் மட்டும் அவர் வாதாடினார். மரத்துல எறங்குறது, கலப்படம் இல்லாதது, உடம்புக்குக் குளிர்ச்சி. நான் அந்தச் சீரம் நிறத்தைச் சொன்னேன். நீர்மோர் என்றதும் கொஞ்சம் அடங்கினார்.

அடுத்த பத்து மாதம்

மூன்றாவது வாரத்தில் கால் வீக்கம் போய்விட்டது. ஆறாவது வாரம் கிரியாட்டினின் 1.4. பதறினேன். பெனோஃபைப்ரேட் கிரியாட்டினினை லேசாகக் கூட்டும், நிறுத்தினால் இறங்கும் என்று படித்திருந்தாலும், கூடவே டெல்மிசார்டனும் டாபாகிளிஃப்ளோசினும் புதிதாக ஓடுகின்றன, எது என்று எப்படிச் சொல்வது? ஒரே நேரத்தில் நாலு மருந்தை மாற்றினால் வரும் தலைவலி இது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், 1.4-லேயே நின்றது, பொட்டாசியம் சரியாக இருந்தது. தொடர்ந்தோம். அதற்கு மேல் ஏறவே இல்லை.

இரண்டாவது ஊசிக்கு மூன்று வாரம் தாமதமாகப் போனார். காய் விலை ஏறியிருந்த நேரம், லோடை விட மனசில்லை. சித்திரையில் மாரியம்மன் நோம்பி. ஒரு வாரம் கள், கறி, விருந்தாளிகள். அடுத்த டெஸ்டில் டிரைகிளிசரைடு 389. அவரே ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நோம்பிக் கணக்குங்க இது" என்றார். திட்டவில்லை. நோம்பி முடிந்த ஆறு வாரத்தில் 196-க்கு வந்தது. எல்டிஎல் 78. ஆறாம் மாத எச்பிஏ1சி 7.4.

வலது கண் ஓசிடி 418-லிருந்து, ஊசி மூன்று முடிந்ததும் 331. இன்னும் இரண்டு ஊசி போட்டார்கள். அக்டோபரில் 287. ஆனால் மஞ்சள் படிவு உடனே போகவில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் கூடின மாதிரியே தெரிந்தது. நீர் வற்றும்போது கொழுப்பு செறிந்து நிற்பதால் அப்படித் தெரியும் என்று விழித்திரை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் நான் மருந்தையெல்லாம் மாற்றியிருப்பேன். பிறை மெல்ல உடைந்து, துண்டு துண்டாகி, எட்டாவது மாதத்துக்குப் பிறகு பெரும்பகுதி கரைந்தது. நடுமையத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி மட்டும் நின்றுவிட்டது. வலது கண் பார்வை 6/9. இடது கண் இருந்தபடியே இருக்கிறது, அது முற்றாமல் நிற்பதே எனக்குச் சந்தோஷம்.

எது வேலை செய்தது என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. வீக்கம் வற்றியதற்குப் பெரும் பங்கு ஊசிக்குத்தான். பயோகிளிட்டசோனை நிறுத்தியது, பிரஷர் 128/80-க்கு வந்தது, கொழுப்பு, கள், எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை. ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு 'கொழுப்பைக் குறைத்தேன், கண் தெரிந்தது' என்று நான் எழுதினால் அது பொய்.

என் கிளினிக்கில் மாறியது

சர்க்கரைக்காரரிடம் "கண் பார்த்தாச்சா" என்று இப்போது கேட்பதே இல்லை. "கண்ணில் சொட்டு விட்டு, ரெண்டு மூணு மணி நேரம் மங்கலாக, வெளிச்சம் கூசிக்கொண்டு இருந்ததா? எந்த மாதம்?" என்று கேட்கிறேன். முதல் பத்து நாளில் இப்படிக் கேட்டதில், என் ஃபைலில் 'பார்த்தாயிற்று' என்று எழுதியிருந்தவர்களில் பாதிக்கு மேல் முழித்தார்கள். கண்ணாடிக் கடையில் நம்பர் பார்த்ததும், கண்புரை முகாமில் டார்ச் அடித்துப் பார்த்ததும் எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கியிருந்தது.

வண்டி ஓட்டுகிறவரா என்பதையும் கேட்கிறேன். ஓட்டுகிறவர் என்றால் லோடு இல்லாத நாள் எது என்று கேட்டு அந்த நாளுக்கே கடிதம் கொடுக்கிறேன், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகச் சொல்லி. சொட்டு விடாமலே படம் எடுக்கும் கேமரா உள்ள இடமென்றால் இன்னும் லேசு, படம் தெளிவாக விழாவிட்டால் மட்டும் சொட்டு.

வருஷத்துக்கு ஒரு முறை கொழுப்பும் சிறுநீர் ஆல்புமினும் எடுக்காமல் சர்க்கரைக்காரர் யாருடைய ஃபைலையும் மூடுவதில்லை. கூட்டு மாத்திரையை உள்ளே இருக்கும் மருந்தின் பெயரால்தான் எழுதுகிறேன், கை வலித்தாலும். எல்லைக்கு இரண்டு பக்கமும் மருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த மாநிலத்துச் சீட்டானாலும் அதில் ஒட்ட வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். பாதிப்பேர் தொலைத்துவிடுகிறார்கள். மற்றொரு பாதி ஒட்டுகிறார்கள்.

இவருடையது வீட்டம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. நவம்பரில் வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தக் கட்டத் தாளைத் திருப்பி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "புள்ளிக்குப் பக்கத்துல ஒரே ஒரு கோடு மட்டும் இன்னும் வளையுதுங்க டாக்டரம்மா. மத்ததெல்லாம் நேராயிருச்சு." தராசு நம்பரை இப்போதும் மகன்தான் படிக்கிறான். அடுத்த ஸ்கேன் பிப்ரவரியில்.